பத்து லிட்டருக்கு ஒரு மூடி

மாதத்தின் முதல் செவ்வாய்
தீயணைப்பு நிலையத்தின் பின்கட்டில்
நீல டிரம்மை நிரப்புவேன்.
இருநூறு லிட்டர்.
பல மாதங்களில் வைகையில் அவ்வளவுகூட இராது.

படகு எஞ்சினை மரச்சட்டத்தில் மாட்டி
டிரம்முக்குள் இறக்குவோம்,
நானும் ஜெபராஜும்.
இருபத்தைந்து குதிரைகள்
கழுத்தளவு தண்ணீரில்
எங்கும் போகாமல் நிற்கும்.

பெட்ரோல் இப்போதெல்லாம் தனியாக வருவதில்லை,
கரும்புச் சாராயத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது.
சாராயத்தின் குணம் ஊருக்கே தெரியும்:
ஈரம் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடும்.
கேனில் கிடந்தால் சில மாதத்தில்
அடியில் ஒரு படலம்,
தேன் நிறம், ஆனால் ஈ மொய்க்காது.
அந்தப் பிசின்தான்
கார்புரேட்டருக்குள் ஊர்ந்து
ஜெட்டின் வாயை அடைக்கும்.
அந்த வாய் எவ்வளவு பெரிது?
பூக்கட்டும் நார் நுழையாது.

அதற்குத்தான் இந்த மருந்து.
கீழவெளி வீதியில் துளசிராம் கடை.
"தொண்டி, மண்டபம் ஆளுங்க
பெட்டிக் கணக்குல வாங்குவாங்க சார்.
நீங்க ஒருத்தர்தான்
ஒரு பாட்டிலை ஒரு வருசம் ஓட்டுறீங்க.
அப்படி எந்தக் கடல்ல போகுது உங்க போட்டு?"

எங்கள் கோப்பிலும் அதே கேள்வி,
தணிக்கையின் பச்சை மையில்:
"நீரற்ற ஆற்றுக்கு
எரிபொருள் சேர்க்கைத் திரவம் எதன்பொருட்டு?
விளக்கம் தருக."
தந்தேன், ஒன்றரைப் பக்கம்.
தொகை வரவில்லை.
அன்றிலிருந்து பாட்டில் என் சம்பளத்தில்.
வீட்டுக் கணக்கில் வேதவல்லி
நல்லெண்ணெய்க்குக் கீழே
'எண்ணெய், மற்றது' என்று எழுதுகிறாள்.

பத்து லிட்டருக்கு ஒரு மூடி.
ஊற்றி, கேனைச் சாய்த்துக் குலுக்கி,
ரப்பர் குமிழை இறுகும்வரை பிசைந்து
கயிற்றை இழுப்பேன்.
இருமும். வெள்ளையாய்ப் புகை கக்கும்.
பிறகு பக்கத்துத் துளையிலிருந்து
நூலாகத் தண்ணீர் பீய்ச்சினால்
நலம் என்று பொருள்.
பத்து நிமிடம்.
டிரம்முக்குள் ஒரு சுழி கிளம்பி
சட்டையெல்லாம் நனைக்கும்.
மதிலில் தொற்றிய பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்:
"நின்ன இடத்துலயே எங்க போறீங்க?"

ஐப்பசி, வெள்ளி இரவு.
செல்லூர்ப் பக்கம் கண்மாய் தெருவுக்கு வந்தது.
ஒரே இழுப்பில் பிடித்தது எஞ்சின்.
ஒரே இழுப்பில்.
ஜெபராஜ் என்னைப் பார்த்தார்.
நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

முதல் நடை:
ஆறு பேர், ஒரு தையல் மிசின்.
இரண்டாவது:
இன்சுலின் டப்பாவை மடியில் வைத்த ஒருவர்,
அவர் மனைவி,
கூப்பிடாமலே ஏறிக்கொண்ட ஆடு.
மூன்றாவதில் படக்கென்று நின்றது.

பெட்ரோலில் குற்றமில்லை.
ஜெட் துலக்கிய விளக்காட்டம் இருந்தது,
பிரித்தே பார்த்தேன், அந்த மழையில், வாயில் டார்ச்சோடு.
பிறகுதான் பின்பக்கத்தைத் தூக்கினோம்.
விசிறியில் சுற்றியிருந்தது
காதணி விழா ஃபிளெக்ஸ்.
பன்னிரண்டடி.
வெளிச்சத்தில் தாய்மாமன்கள் வரிசையாக,
கூலிங்கிளாசோடு,
கைகூப்பி
எங்களை வரவேற்றார்கள்.

இதற்கு மருந்து துளசிராம் விற்பதில்லை.
ஒவ்வொரு மாமனாக அறுத்து எடுத்தேன்.
விசிறியின் பின் ஒடிந்திருந்தது.
மீதி நடைகளுக்கு
இடுப்பளவுத் தண்ணீரில்
கயிறு கட்டி இழுத்தோம் படகை.
எஞ்சின் மட்டும் நனையாமல் வந்தது,
உள்ளே அத்தனை சுத்தமாக.

பதிவேட்டில்
'பழுதின் காரணம்' என்ற கட்டத்துக்கு முன்
வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.
'உறவினர்கள்' என்றார் ஜெபராஜ்.
'வெளிப்பொருள்' என்று எழுதினேன்.

இன்று செவ்வாய்.
பின் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்,
ஒன்று மாட்ட, ஒன்று ஒடிய.
டிரம் நிறைய இன்னும் கால்வாசி இருக்கிறது.
பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தேன்:
நாலு மூடி தேறும்.